யோகோ ஆம்ப் மேல் உட்கார்ந்ததாலா பீட்டில்ஸ் உடைந்தது?

கேள்வி: ஜூலை 11, மாலை 6.05

1960களின் இங்கிலாந்து ராக் குழு பீட்டில்ஸ் பற்றி நேற்று ராத்திரி எங்கள் ஹாஸ்டலில் பெரிய சண்டை. நான் சொல்வது இதுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த குழுவை, ஜான் லெனனின் காதலி யோகோ ஓனோ வந்து கெடுத்தார். லெனன் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நண்பர்களை விட்டார். இதில் மறுக்க என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 11, இரவு 10.50

மறுக்க நிறைய இருக்கிறது தம்பி. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டு போனால் ஊர் முதலில் யாரைக் கைகாட்டும்? வீட்டுக்கு வந்த மருமகளை. கிணற்றுத் தண்ணீர் முறை, அப்பா வைத்துவிட்டுப் போன கடன், மூத்தவன் எடுத்துக்கொண்ட தோப்பு எல்லாம் பத்து வருடமாகப் புகைந்துகொண்டிருக்கும். அதையெல்லாம் பேச ஆரம்பித்தால் எல்லார் தலையும் உருளும். மருமகளைச் சொன்னால் ஒரு தலையோடு முடிந்துவிடும். யோகோவுக்கு நடந்தது அதுதான்.

அவர் ஸ்டுடியோவுக்குள் வந்து உட்கார்ந்தது 1968 மே மாதக் கடைசியில், 'வெள்ளை ஆல்பம்' என்று சொல்லப்படும் இசைத்தட்டின் பதிவு தொடங்கியபோது. அதற்கு முன்னால் என்னென்ன நடந்துவிட்டது என்று பாருங்கள். 1966 ஆகஸ்ட் 29, சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானக் கச்சேரியோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பது நின்றுவிட்டது. ஒரே வேன், ஒரே சாப்பாடு என்று இருந்த ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஸ்டுடியோவுக்கு வந்துபோகிறவர்கள் ஆனார்கள். 1967 ஆகஸ்ட் 27 அன்று மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் 32 வயதில் இறந்துபோனார். 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷுக்குப் போனார்கள். ரிங்கோ பத்து நாளில் கிளம்பிவிட்டார். பால் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தார். ஜானும் ஜார்ஜும் ஏப்ரல் வரை இருந்தார்கள். நான்கு பேர் போய் மூன்று தவணையில் திரும்பிய பயணம் அது. யோகோ அங்கே கூட வரவில்லை.

அதே வருடம் ரிங்கோ கோபித்துக்கொண்டு ஒரு மாதம் ஸ்டுடியோ பக்கமே வரவில்லை. அதற்கும் யோகோ காரணம் இல்லை.

இன்னொன்று. 1969 ஜனவரியில் பாலே இதைச் சொல்லியிருக்கிறார், 'கெட் பேக்' ஆவணப்படத்தில் இருக்கிறது. ஐம்பது வருடம் கழித்து, யோகோ ஆம்ப் (கிடார் சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) மேல் உட்கார்ந்ததால் இவர்கள் பிரிந்தார்கள் என்று பேசப்போகிறார்கள், எவ்வளவு வேடிக்கையாக இருக்கும் என்கிறார். ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. உங்கள் ஹாஸ்டலில் நேற்று அதையேதான் பேசியிருக்கிறீர்கள்.

ஜூலை 12, காலை 7.15

ஒரு திருத்தம். ரிங்கோ ஒரு மாதம் வரவில்லை என்று எழுதினேன், தவறு. ஆகஸ்ட் 22 அன்று போனவர் செப்டம்பர் முதல் வாரத்தில் திரும்பிவிட்டார். இரண்டு வாரம்தான்.

அவர் போன காரணம் எனக்கு எப்போது நினைத்தாலும் மனதை என்னவோ செய்யும். தான் சரியாக வாசிக்கவில்லை, மற்ற மூன்று பேரும் நெருக்கம், தான் மட்டும் வெளியாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஜான் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னால் ஜான், நீங்கள் மூன்று பேர்தான் நெருக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்கிறார். பாலிடம் போனால் அவரும் அதையே சொல்கிறார். ரிங்கோ திரும்பி வந்தபோது டிரம்ஸ் முழுக்கப் பூ வைத்து அலங்கரித்திருந்தார்கள்.

அத்தனை பாசம் இருந்தும் ஒருவர் மனதில் இருப்பது இன்னொருவருக்குத் தெரியவில்லை.

ஜூலை 12, இரவு 9.30

கீழே ஒருவர், "பணம் கொட்டியதே, அப்புறம் எதற்குச் சண்டை?" என்று கேட்டிருக்கிறார். பணம் கொட்டியதால்தான் சண்டை.

எப்ஸ்டீன் லிவர்பூலில் குடும்பத்து ரெக்கார்டு கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1961 நவம்பரில் கேவர்ன் கிளப்பில் இவர்களைக் கேட்டார். அன்றிலிருந்து ஒப்பந்தம், கணக்கு, யார் எங்கே எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பது வரை எல்லாம் அவர் தலையில். அவர் போனதும் ஆப்பிள் என்று சொந்தமாகக் கம்பெனி ஆரம்பித்தார்கள். பேக்கர் தெருவில் 1967 டிசம்பரில் திறந்த துணிக்கடையை 1968 ஜூலையில் இழுத்து மூடினார்கள். மிச்சம் இருந்த சரக்கை வந்தவர் போனவருக்கெல்லாம் சும்மா கொடுத்தார்கள். வீட்டில் பெரியவர் இல்லை என்றால் களஞ்சியம் எப்படித் திறந்து கிடக்குமோ அப்படி.

சரி, யாரையாவது பொறுப்பில் வைக்க வேண்டும். பால் சொன்னது லீ ஈஸ்ட்மனையும் அவர் மகன் ஜானையும், நியூயார்க் வக்கீல்கள். யார் அவர்கள்? பால் கட்டிக்கொள்ளப்போகும் லிண்டாவின் அப்பாவும் அண்ணனும்! ஜான் லெனன் சொன்னது ஆலன் கிளைன், ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு இசைக்குழுவின் கணக்கைப் பார்த்த அமெரிக்கர். ஜார்ஜும் ரிங்கோவும் ஜான் பக்கம் போனார்கள். நம் ஊரில் நான்கு பங்காளிகள் வைத்திருக்கும் கடைக்கு ஒருவனுடைய மாமனாரும் மச்சானும் கணக்குப் பார்க்க வந்தால் மற்ற மூன்று பேர் சம்மதிப்பார்களா? அந்த இடத்தில் நான் இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். ஆனால் பால் சந்தேகப்பட்டது சரிதான் என்று பிறகு தெரிந்தது. 1973இல் மற்ற மூன்று பேரும் கிளைனை விட்டு விலகி வழக்குப் போட்டார்கள். 1979இல் கிளைனுக்கு வருமான வரி வழக்கில் தண்டனையே கிடைத்தது.

1969 மே மாதம் மூன்று பேர் கிளைனோடு கையெழுத்துப் போட, பால் மட்டும் போடவில்லை. அதுவரைக்கும் நான்கு பேரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். முதல் முறையாக மூன்றுக்கு ஒன்று என்று ஆனது அன்றைக்குத்தான். என்னைக் கேட்டால் உடைந்த நாள் அதுதான்.

ஜூலை 13, மதியம் 2.10

இதையும் சேர்க்க வேண்டும். ஜான், பால் பாட்டுகளின் உரிமை நார்தர்ன் சாங்ஸ் என்ற கம்பெனியிடம் இருந்தது. 1965இல் அது பங்குச் சந்தைக்கு வந்தபோது ஜானுக்கு 15 சதவீதம், பாலுக்கு 15 சதவீதம். ஜார்ஜுக்கும் ரிங்கோவுக்கும் சேர்த்து 1.6. இந்தக் கணக்கை ஒரு நிமிடம் பாருங்கள். மேடையில் நான்கு பேர், பத்திரத்தில் இரண்டு பேர்.

1969இல் அந்தக் கம்பெனியில் பெரிய பங்கு வைத்திருந்த டிக் ஜேம்ஸ், இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டார். அந்தப் பேச்சுவார்த்தையில்தான் பால் தன் பெயரில் கூடுதலாகப் பங்கு வாங்கி வைத்திருப்பது ஜானுக்குத் தெரிந்தது. சட்டப்படி தப்பில்லை. ஆனால் சிறுவயதில் ஒரே நோட்டில் பாட்டு எழுதிய இரண்டு பேருக்கு நடுவே அப்படி ஒரு விஷயம் வந்த பிறகு என்ன மிச்சம் இருக்கும்?

ஜூலை 20, ஞாயிறு, இரவு 8.40

ஒரு வாரம் எழுதவில்லை. இன்று ஆடி முதல் ஞாயிறு. எங்கள் அயனாவரம் தெருவில் காலை முதல் கூழ், குழாய் ஸ்பீக்கர், இப்போது லைட் மியூசிக். ஜன்னலைச் சாத்தினாலும் பேஸ் கிடார் சத்தம் தரை வழியாக வருகிறது. இதைக் கேட்டுக்கொண்டே என் கதையையும் எழுதிவிடுகிறேன். நான் மேலே சொன்னதெல்லாம் புத்தகத்தில் மட்டும் படித்து வந்த கோபம் இல்லை.

1996 முதல் 2001 வரை நான் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் கீபோர்டு வாசித்தேன். ஐந்து பேர். கல்யாண ரிசப்ஷன், ஆடி மாதம் கோயில்கள், பிள்ளையார் சதுர்த்தி. பெரம்பூர், ஓட்டேரி, கொளத்தூர், சில சமயம் காஞ்சிபுரம் வரை. புரோகிராம் பிடித்துத் தருவது ஒரு அண்ணன். அட்வான்ஸ் வாங்குவது, வேன் பேசுவது, பேமென்டை அங்கேயே எண்ணி ஐந்து கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் அவர்தான். 1999இல் அவருக்கு உடம்பு முடியாமல் போய் சொந்த ஊருக்கே போய்விட்டார். அதன் பிறகு கவர் இல்லை. யாராவது ஒருவர் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார், மற்ற நான்கு பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருப்போம்.

எல்லாரும் காசு போட்டு ஒரு பேஸ் ஆம்ப் வாங்கியிருந்தோம், பழையதுதான். கடைசியில் அந்த ஆம்ப் யாருக்கு என்பதில் வாய்த்தகராறு வந்து குழு கலைந்தது. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் "ஒரு ஆம்புக்காக அடித்துக்கொண்டு பிரிந்தவர்கள்" என்றுதான் சொல்வார்கள்.

ஆம்ப் காரணமே இல்லை. எங்கள் கிடாரிஸ்ட் என்னைவிட ஆறு வயது சின்னவன். சொந்தமாக மெட்டுப் போடுவான். ரிகர்சலில் ஒவ்வொரு முறையும், "அண்ணா, ஒரு மெட்டு இருக்கு, கேக்குறீங்களா?" என்பான். இருப்பா, இந்தப் பாட்டு முடியட்டும் என்பேன். அது முடிந்தால் அடுத்த பாட்டு. அவன் வாசிப்பதில் எந்த நோட்டு வேண்டும், எது வேண்டாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று எல்லாம் நான்தான் சொல்வேன். நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் ஐந்து வருடத்தில் ஒரு மெட்டுகூட முழுதாகக் கேட்கவில்லை.

2001 ஆடியில், ஓட்டேரியில் ஒரு அம்மன் கோயில் புரோகிராம். முடிந்ததும் அவன் கேபிளை முழங்கைக்கும் உள்ளங்கைக்கும் நடுவே சுற்றினான். வழக்கமாகச் சுருட்டித் திணித்துவிடுவான். அன்றைக்குச் சுற்றுச் சுற்றாக, முறுக்கு விழாமல், மெதுவாகச் சுற்றி நூல் கட்டிப் பையில் வைத்தான். நான் பக்கத்தில் நின்று அடுத்த வார ரிகர்சல் நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். "சரிண்ணா" என்றான். அப்புறம் அவன் வரவே இல்லை. ஆம்ப் சண்டை அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது.

ஜூலை 20, இரவு 11.55

மேலே எழுதிய பிறகு தூக்கம் வரவில்லை. 'கெட் பேக்' எடுத்து 1969 ஜனவரி 10ஐ மறுபடி பார்த்தேன்.

டிவிக்கன்ஹாம் ஸ்டுடியோ சினிமா எடுக்கிற பெரிய கொட்டகை. ராத்திரி வேலை செய்து பழகியவர்களைக் காலையிலேயே கொண்டுவந்து குளிரில் உட்கார வைத்திருக்கிறார்கள். சுற்றி கேமரா. ராத்திரி வாசிக்கிறவனுக்குக் காலை ரிகர்சல் என்ன கொடுமை என்று எனக்குத் தெரியும். ஜனவரி 6ஆம் தேதி பால், ஜார்ஜிடம் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லச் சொல்ல, ஜார்ஜ் கடைசியில், நீ என்ன வாசிக்கச் சொல்கிறாயோ வாசிக்கிறேன், வேண்டாம் என்றால் வாசிக்காமலே இருக்கிறேன் என்கிறார். குரல் உயரவே இல்லை. 10ஆம் தேதி மதியச் சாப்பாட்டு நேரத்தில், குழுவை விட்டுப் போகிறேன் என்கிறார். எப்போது? இப்போதே. அவ்வளவுதான். கதவு அறையவில்லை, யாரும் கத்தவில்லை. அது எனக்குத் தெரிந்த அமைதி.

அதே மாதம் ஜார்ஜ் தன் பாட்டுகளைக் கொண்டுவந்து கொண்டுவந்து வாசித்துக் காட்டுகிறார். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' அதில் ஒன்று. சில தடவை வாசித்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். 1970 நவம்பரில் அதே பெயரில் மூன்று இசைத்தட்டு கொண்ட ஆல்பம் தனியாகப் போட்டார். மூன்று தட்டு! அத்தனை பாட்டு உள்ளே தேங்கிக் கிடந்திருக்கிறது.

ஜூலை 21, காலை 6.30

தூங்கி எழுந்த பிறகு ஒன்று தோன்றுகிறது. நேற்று எழுதியதைப் படித்தால் பால்தான் குற்றவாளி என்பதுபோல இருக்கிறது. அப்படி இல்லை. அந்த ஜனவரியில் காலையில் முதலில் வந்து உட்கார்ந்தவர் பால். ஜான் தாமதம். ஒரு நாள் ஜானுக்காகக் காத்திருக்கும்போது பால் பேஸ் கிடாரை வெறுமனே தட்டிக்கொண்டே எதையோ முனகுகிறார். ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார். ரிங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மூன்று நிமிடத்தில் அந்த முனகலிலிருந்து 'கெட் பேக்' பாட்டு நம் கண் முன்னால் எழுந்து வருகிறது. இந்த மனிதர் தள்ளாமல் இருந்திருந்தால் வண்டி நகர்ந்தே இருக்காது. ஜான் அப்போது ஹெராயின் பழக்கத்தில் இருந்தார், அவரே பின்னால் ஒப்புக்கொண்டது.

ஜனவரி 13ஐயும் பாருங்கள். ஜார்ஜ் போன பிறகு, ஜானும் வராத காலை. பால், இப்போது இரண்டு பேர்தான் என்கிறார். கண் கலங்கியிருக்கிறது. அன்று மதியம் கேன்டீனில் ஜானும் பாலும் பேசியதைப் பூந்தொட்டியில் மைக்கை ஒளித்துவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். ஜார்ஜின் காயத்தைப் புரையோட விட்டோம், கட்டுகூடப் போடவில்லை என்று ஜான் சொல்கிறார். இருவருக்குமே எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜார்ஜ் திரும்பி வந்தார். டிவிக்கன்ஹாம் வேண்டாம் என்று சொல்லி, ஆப்பிள் அலுவலகத்தின் அடித்தளத்துக்கு மாறினார்கள். பில்லி பிரெஸ்டன் கீபோர்டில் வந்து உட்கார்ந்ததும் எல்லார் முகமும் மாறுகிறது. விருந்தாளி வந்தால் வீட்டுச் சண்டை அடங்கும் இல்லையா, அதேதான். ஜனவரி 30 மொட்டை மாடிக் கச்சேரி. அதைப் பார்த்தால் இவர்கள் பிரியப்போகிறார்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஜூலை 22, இரவு 10.00

"பால்தானே பத்திரிகையில் அறிவித்தார், பால்தானே கோர்ட்டுக்குப் போனார்?" என்று ஒரு சார் கேட்டிருக்கிறார். இரண்டும் உண்மை. ஆனால் வரிசை முக்கியம் சார். 1969 செப்டம்பர் 20 அன்று ஆப்பிள் அலுவலகத்தில் ஜான், நான் போகிறேன், எனக்கு விவாகரத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார். ரெக்கார்டு கம்பெனியோடு கிளைன் புது ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்ததால் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள். 1970 ஏப்ரல் 10 அன்று பாலின் அறிக்கை வந்ததும் பழி முழுக்க அவர் மேல்.

கோர்ட் விஷயம் இப்படி. 1967இல் நான்கு பேரும் பத்து வருடத்துக்குக் கூட்டு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பாட்டு எழுதுகிற காசு தவிர, தனியாக ரெக்கார்டு போட்டாலும் வரும்படி பொதுப் பெட்டிக்குத்தான். அந்தப் பெட்டியின் சாவி கிளைன் கையில். கிளைன் மேல் நேராக வழக்குப் போட வழியில்லை, கூட்டாளிகள் மேல்தான் போட முடியும் என்று வக்கீல்கள் சொல்ல, 1970 டிசம்பர் 31 அன்று மூன்று நண்பர்கள் பெயரை எதிர்த்தரப்பில் எழுதி பால் வழக்குப் போட்டார். 1971 மார்ச் 12 அன்று லண்டன் உயர் நீதிமன்றம் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமித்தது. கூட்டு சட்டப்படி கலைந்தது 1975 ஜனவரியில். அதற்கான கையெழுத்தை ஜான் போட்டது 1974 டிசம்பரில், ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டு ஹோட்டலில்.

இதில் என்னால் மறக்க முடியாதது 1970 மார்ச் கடைசி. பாலின் தனி ஆல்பம் பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' ஆல்பத்தோடு மோதும், தள்ளிப்போடு என்று மற்றவர்கள் எழுதிய கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தது ரிங்கோ. தபாலில் அனுப்ப மனம் வராமல் தானே போயிருக்கிறார். பால் அவரை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். யாரோடும் சண்டை போடாத ஆளுக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

ஜூலை 23, காலை 9.20

எப்ஸ்டீனைக் குடும்பப் பெரியவர் மாதிரி எழுதிவிட்டேன். பாசத்தில் அப்படித்தான். கணக்கில் அவரும் கோட்டை விட்டவர். பீட்டில்ஸ் பெயர் போட்ட விக், பொம்மை, சட்டை விற்கிற உரிமையில் 90 சதவீதத்தை வெளியாட்களுக்கு விட்டு, 10 மட்டும் எடுத்துக்கொண்டார். பிறகு அதைச் சரிசெய்ய வழக்கு வரை போனது. பெரியவர் உயிரோடு இருந்திருந்தால் பிரிந்திருக்க மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கவரில் போட்டுக் கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்க்கும் நிலை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும்.

ஜூலை 26, இரவு 9.05

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கிறார், "அப்போ யோகோவுக்குப் பங்கே இல்லையா அண்ணா?" என்று. முதல் நாள் நான் அடித்துப் பேசியது கொஞ்சம் அதிகம்தான். மனைவி, காதலி யாரும் பதிவு நடக்கும்போது உள்ளே உட்காருவதில்லை என்பது அவர்களுக்குள் எழுதாத வழக்கம். ஜான் அதை மற்றவர்களைக் கேட்காமல் மாற்றினார். 1969 ஜூலையில் கார் விபத்துக்குப் பிறகு ஸ்டுடியோவுக்குள்ளேயே யோகோவுக்குக் கட்டில் போட்டு, பக்கத்தில் மைக் வைத்தார்கள். மற்ற மூவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கட்டிலைக் கொண்டுவரச் சொன்னது ஜான். அந்தக் கட்டில் இருந்த ஸ்டுடியோவில்தான் 'ஆபி ரோடு' பதிவானது. ஆகஸ்ட் 20 அன்று நான்கு பேரும் கடைசியாக ஒன்றாக ஸ்டுடியோவில் இருந்தார்கள். அந்த ஆல்பத்தில் மிக அழகான இரண்டு பாட்டு ஜார்ஜுடையது. அவர் பாட்டைக் கேட்க ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது.

ஜூலை 27, ஞாயிறு, மாலை 5.15

"உங்கள் கிடாரிஸ்டின் மெட்டு ஏதாவது நினைவிருக்கிறதா?" என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். ஒன்றே ஒன்று, அதன் முதல் நான்கு தாளக்கட்டு (பார்), ஏ மைனர் ஸ்கேலில். அதற்கு மேல் கேட்டதில்லை. ஆனால் 2000இல் அவன் ஒரு கேசட்டில் எல்லாவற்றையும் வாசித்துப் பதிவு செய்து, "நேரம் கிடைக்கும்போது கேளுங்கண்ணா" என்று கொடுத்தான். இன்று பரணில் தேடினேன். கீபோர்டு கவருக்குள் இருந்தது. அவன் கையெழுத்தில் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று பதினோரு மெட்டுக்கு நம்பர் போட்டிருக்கிறான். டேப்பில் பூஞ்சை இல்லை. ஓட்டிப் பார்க்க என்னிடம் டெக் இல்லை. சனிக்கிழமை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிட்சி தெருவுக்குப் போய் விசாரிக்கிறேன்.